புத்தகங்கள், பழையவை, ஒரு கட்டு

பக்கத்துக்கு எழுபது பைசா.
படிப்பதற்கு இல்லை, படமெடுப்பதற்கு.
மின்விசிறி போடக்கூடாது, தாள் பறக்கும்.
எழும்பூர் ஸ்டேஷனில் ரயில் தாமதத்துக்கு
யாரோ வருந்துகிற குரல்
ஜன்னல் வழியாக மூன்று மொழிகளில் வந்துபோகும்.

செத்தவர்களின் சாமான் பட்டியல்கள் இவை.
கோட்டைக்குள் ஒரு கப்பல்காரன் காய்ச்சலில் போனால்
மறுநாள் காலை
இரண்டு பேர் மைக்கூட்டோடு வந்து
அவன் அறையை எண்ணியிருக்கிறார்கள்.
கட்டில் ஒன்று. கொசுவலை, கிழிந்தது.
சட்டை பதினாலு, அதில் அழுக்கு நாலு.
அழுக்கைக்கூடத் தனியாக எண்ணிய நேர்மை
அலமாரிப் பக்கம் வந்ததும் களைத்துவிடும்:
'புத்தகங்கள், பழையவை, ஒரு கட்டு.'
அவ்வளவுதான்.
என்ன புத்தகம், எவன் எழுதியது,
எந்த வரியில் அவன் தூங்கிப்போனான்,
ஒன்றும் கிடையாது.
பித்தளைச் சட்டிக்கு எடை போட்டிருக்கிறார்கள்.

படிக்காதே என்பார் ஹெப்சிபா மேடம்,
படித்தால் எண்ணிக்கை குறையும்.
குறையத்தான் செய்தது.

கறுப்பர் பட்டணத்து விதவை டொமிங்கா ரொசாரியோ:
பன்றி மூன்று, வெள்ளிக் கரண்டி ஆறு,
செபப் புத்தகம் ஒன்று, கரையான் தின்றது, மதிப்பில்லை.
மதிப்பில்லை என்று எழுதவும்
ஒருத்தன் கூலி வாங்கியிருப்பான்.

நதானியல் ப்ரைட் என்பவன் பட்டியலில் மட்டும்
எழுதியவனுக்கு அன்று என்ன தோன்றியதோ,
பொறுமையாக எழுதியிருந்தான்:
கப்பலோட்டும் கணிதம், இரண்டாம் பாகம்,
கீழ் மூலையில் மை கொட்டியது.
ஏலத்தில் மூன்று வராகன்.
வாங்கியவன் நாலு வருஷத்தில் செத்தான்.
அவன் பட்டியலிலும் அதே மை, அதே மூலை,
ஒரு வராகன்.
அடுத்தவன் வீட்டில் அட்டை இல்லை, ஆறு பணம்.
ஒவ்வொரு சாவுக்கும் கொஞ்சம் இளைத்துக்கொண்டே
ஊருக்குள் சுற்றியிருக்கிறது.
முதல் பாகம் எங்குமே வரவில்லை.

அந்த மூன்றாவது பட்டியலில்தான்,
மை படிந்த கணிதத்துக்கும்
ஒரு ஜோடி துப்பாக்கிக்கும் நடுவில்:
'பையன் ஒன்று, பெயர் ஜூலை,
வயது பத்து இருக்கலாம், இருபத்தைந்து வராகன்.'

ஒருவன் என்று எழுதவில்லை.
ஒன்று.
ஸ்கேனர் விளக்கு அந்த வரியின் மேல் போய்
மற்ற வரிகளின் மேல் போனதைப் போலவே
திரும்பி வந்தது.

வேறு பெட்டி, வேறு சாவு, பதினெட்டு வருஷம் கழித்து
ஏலக் கணக்கு. வாங்கியவர்கள் பெயர் வலது பக்கம்.
நாற்காலியை ஒரு அர்மீனியன் எடுத்தான்,
மதுக்குப்பிகளை மூன்று பேர் பங்கிட்டார்கள்.
கடைசி வரி:
'அட்டையில்லாத புத்தகம், மை கொட்டியது,
இரண்டு பணம், ரொக்கம். ஜூலை.'

மேடத்தைக் கூப்பிட்டுக் காட்டினேன்.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார்.
"ஜூலை மாசத்துல வாங்கின பையனுக்கெல்லாம்
ஜூலைன்னுதான் பேர் வெச்சிருப்பான்.
பட்டணத்துல எத்தனை ஜூலையோ."
சரிதான்.
மை கொட்டிய புத்தகங்களும் எத்தனையோ.

ஆனாலும் மத்தியானம், எலுமிச்சை சாதத்தை மூடிவைத்துவிட்டு
அட்டவணையில் ஜ வரிசையைத் தேடினேன்.
அவன் பெயரில் ஒரு பட்டியல்,
பாய் ஒன்று, சட்டி ஒன்று,
புத்தகம் ஒன்று என்று எங்காவது.
ஜான்கள் எழுபது பேர் இருந்தார்கள்.
அவன் சாகாமலா இருந்திருப்பான்?
எண்ண யாரும் வரவில்லை.

அவன் அதைப் படித்தானா என்பது எனக்குத் தெரியாது.
கடலை மடிக்க அந்தத் தாளைக் கிழித்தும் இருக்கலாம்.
ரொக்கம் என்ற சொல்லைத்தான்
திரும்பத் திரும்பப் பார்த்தேன்.
மற்ற எல்லாருக்கும் கடன்.

அன்றைக்கு நூற்றுப் பன்னிரண்டு பக்கம்,
எழுபத்தெட்டு ரூபாய் நாற்பது பைசா.
அந்தப் பக்கத்தை இரண்டு முறை எடுத்தேன்.
ஒன்றுக்குத்தான் காசு.